கேத்திலில் வெள்ளை, அறிக்கையில் ஒன்றுமில்லை

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்தோம். ‘கட்மியம் கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்தது. ஆனால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது நின்றபாடில்லை. தண்ணீரை நெருப்புக்குள் விட்டுத்தான் பார்ப்பார்களாம், அதில் என்ன தெரியப்போகிறது?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சரி, முதலில் கேத்தில். அந்த வெள்ளை பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வன்னியில் பல கிணறுகளில் வன்னீர்தான், அதாவது கல்சியம் போன்ற உப்புகள் அதிகம் கரைந்த தண்ணீர், அதனால் வருவது. நீங்கள் கேட்டது கட்மியம் என்ற நச்சு உலோகத்தை, கருவி பார்த்ததும் கட்மியத்தை மட்டுமே.

அதன் பெயர் அணு அகத்துறிஞ்சல் நிறமாலைமானி. 1950களில் அவுஸ்திரேலியாவில் அலன் வோல்ஷ் உருவாக்கிய முறை. உள்ளே ஒரு விளக்கு இருக்கும், கட்மியம் தேடினால் கட்மியத்தாலேயே செய்த விளக்கு, அது விடும் 228.8 நனோமீற்றர் ஒளியைக் கட்மிய அணுக்கள் அப்படியே விழுங்கும். மெல்லிய குழாய் உங்கள் தண்ணீரை உறிஞ்சிப் புகார்போலத் தெளிக்க, அது ஏறக்குறைய 2300 பாகை செல்சியஸ் அசற்றலீன் சுடருக்குள் போய், நீர் ஆவியாகி, உப்புகள் உடைந்து, உலோகம் தனித்தனி அணுக்களாகும். நெருப்பின் வேலை அவ்வளவுதான். சுடருக்குக் குறுக்கே போன விளக்கொளி எவ்வளவு குறைந்தது என்று அளந்து, அளவு தெரிந்த கட்மியக் கரைசல்களோடு ஒப்பிட்டு விடை சொல்வார்கள். கல்சியம் வேண்டுமென்றால் 422.7 நனோமீற்றர் ஒளிதரும் வேறு விளக்கு.

‘கண்டறியப்படவில்லை’ என்றால் பூச்சியம் என்று அர்த்தமில்லை, அந்தக் கருவிக்கு எட்டும் எல்லைக்குக் கீழே என்றுதான் அர்த்தம். அந்த எல்லை எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். குடிநீரில் லீற்றருக்குக் கட்மியம் 3 மைக்ரோகிராம், ஈயம் 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. சுடர் முறை ஈயத்தில் இந்த அளவுக்குப் பக்கத்திலேயே தடுமாறும், அதற்குக் காரீயக்குழாய் உலை நல்லது (இந்தக் காரீயம் ஈயமில்லை, பென்சில் கூரில் இருக்கும் கிராபைற்று): ஒரு சொட்டுக்கும் குறைவான தண்ணீரைச் சின்னக் குழாய்க்குள் விட்டு மின்சாரத்தால் சூடாக்குவார்கள், அணுக்கள் குழாய்க்குள் கொஞ்ச நேரம் தங்குவதால் மிகக் குறைந்த அளவும் பிடிபடும்.

இன்னொன்று, தண்ணீரை எதில் கொண்டு போனீர்கள்? பழைய சோடாப் போத்தலா? உலோகம் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டால் அறிக்கையில் குறைவாகத்தான் வரும். அமிலத்தால் கழுவிய போத்தலும், அதில் விடவேண்டிய நைத்திரிக் அமிலமும் ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் பல்லில் கறை தெரிந்தால் புளோரைட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள், அது உலோகமில்லை என்பதால் இந்தக் கருவியில் பார்க்கமாட்டார்கள், தனியாகக் கேட்கவேண்டும்.