கொள்ளுத்தாத்தாவைத் தேட எந்த அலமாரிக்குப் போவது?

கோவையிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி: "எங்கள் பூர்விகம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் ஒரு கிராமம். தாத்தா காலத்திலேயே ஊரை விட்டு வந்துவிட்டோம். கொள்ளுத்தாத்தா பெயர் சுப்பையா என்பது மட்டும் தெரியும். அவருடைய தம்பி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை என்று பாட்டி சொல்வார். வெளிநாட்டில் எல்லாம் பொது நூலகத்திலேயே வம்சாவளி தேடலாமாமே? இங்கே நூலகத்தில் கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்கிறார்கள். உண்மையாகவே இல்லையா?"

நூலகத்தில் சொன்னது பாதி சரி. சுப்பையா என்ற பெயரைச் சொல்லித் தேடினால் நம் நூலகங்களில் எதுவும் கிடைக்காது. ஊர்ப் பெயரைச் சொல்லித் தேடினால் நிறையக் கிடைக்கும். ஊரை நூலகத்தில் பிடித்துக்கொண்டு, ஆளை நிலத்தின் வழியாகப் பிடிக்க வேண்டும். நம் ஊரில் வம்சாவளி தேட இதுதான் நடைமுறையில் பலன் தரும் வழி.

வெளிநாட்டு முறை இங்கே ஏன் எடுபடுவதில்லை? அங்கே பழைய மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுவாரிப் பட்டியலைப் பல ஆண்டுகள் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இங்கே 1871-லிருந்து கணக்கு எடுத்திருக்கிறார்கள்; ஆனால் அச்சில் வந்தது எண்ணிக்கை மட்டும்தான். ஆள்வாரி விவரத்தை யாரும் பார்க்க முடியாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அப்புறம், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான். போதாததற்குப் பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிறோம். 1862-இல் உங்கள் ஊரில் ஒரு சுப்பையா அகப்பட்டால் அவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவாக இருக்கலாம், பக்கத்துத் தெருக்காரராகவும் இருக்கலாம். அதனால் குறிப்பு எழுதும்போது வெறும் பெயரை எழுதாதீர்கள். "இன்ன ஊர், இன்னார் மகன், இன்னார்" என்று மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

எந்த அலமாரிக்கும் போவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், தாய்ப்பத்திரம், பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரம் எல்லாமே சாட்சிதான். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் மொய் நோட்டைத்தான் எடுப்பேன். ஒவ்வொரு வரியிலும் ஊர், பெயர், தொகை இருக்கும். பல நோட்டுகளில் தகப்பனார் பெயரும் இருக்கும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய நோட்டு ஒன்று இருந்தால், அன்றைக்கு உயிரோடு இருந்த பங்காளி, மாமன், மச்சான் அத்தனை பேரும் எந்தெந்த ஊரில் இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். தாய்மாமன் மொய் எங்கே வருகிறது என்று பாருங்கள். பாட்டி பிறந்த ஊர் அதில் இருக்கும்.

ஜாதகத்தில் "சுபகிருது வருடம்" என்று மட்டும் இருந்தால் தலையைச் சொறிய வேண்டாம். அறுபது வருடச் சுற்றில் அது 1902–03, 1962–63, 2022–23 என்று வரும். எந்தச் சுற்று என்பதை மற்ற பிள்ளைகளின் வயதை வைத்து முடிவு செய்யலாம். திருநெல்வேலிச் சீமைப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் வரும். அதோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். வருவாய்த்துறை ஏடுகளில் பசலி என்ற வரி ஆண்டு இருக்கும், அதற்கு 590. பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.

இப்போது நூலகம். உங்கள் தாலுகாவுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். அந்த ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கியபோது அதில் சேர்த்தார்கள். 1985-இல் அதைப் பிரித்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. ஆக, ஒரே கிராமத்துக்கு மூன்று மாவட்டப் பெயரில் தேட வேண்டும். விருதுநகர் என்று கேட்டுவிட்டு இல்லை என்று திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். பழைய ஆங்கில நூல்களில் மாவட்டத்தின் பெயர் டின்னவெல்லி. உங்கள் கிராமத்தின் பெயரையும் வெள்ளைக்காரர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நாலு விதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது மாவட்டக் கையேடும், கெசட்டியர் என்ற மாவட்ட விவரத் தொகுப்பும். திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் எழுதிய கையேடு 1879-இல் வந்தது, பேட் எழுதிய கெசட்டியர் 1917-இல் வந்தது. 1917 நூலில் உங்கள் தாலுகாவைத் தேடாதீர்கள், அதற்குள் அது இராமநாதபுரத்துக்குப் போய்விட்டது. 1879 நூல்தான் உங்களுக்கு. இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றில் உங்கள் குடும்பம் இருக்காது. ஆனால் ஊர் ரயத்துவாரியா (குடியானவரே அரசுக்கு வரி கட்டுவது), ஜமீனா (ஜமீன்தார் வசூலிப்பது), இனாமா (வரி விலக்கோ சலுகையோ கொடுத்த நிலம்) என்று தெரிந்துகொள்ள வழி கிடைக்கும். அடுத்து எந்த அலுவலகப் படி ஏறுவது என்பது இந்த ஒரு விவரத்தைப் பொறுத்தது. 1951-க்கான மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் கிராமவாரியாக மக்கள்தொகை இருக்கிறது. 1961 கணக்கெடுப்பின்போது சில கிராமங்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனித்தனி ஆய்வு நூல்கள் போட்டார்கள். உங்கள் ஊர் அதில் இருந்தால் அதிர்ஷ்டம்.

மாவட்ட மைய நூலகத்தில் குறிப்புதவிப் பிரிவு என்று கேளுங்கள். இரவல் பகுதியில் இவை இருக்காது. அங்கே இல்லாவிட்டால் சென்னை எழும்பூர் கன்னிமாரா. 1896-இல் திறந்த நூலகம் அது. 1954 சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் படி போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் முக்கியம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்ததை வைத்து 1994-இல் தொடங்கியது. புத்தகம் மட்டுமல்ல, பழைய பத்திரிகைகள், நாடக நோட்டீஸ் போன்ற துண்டுக் காகிதங்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. கோயில் தலபுராணம், ஊரைப் பற்றிப் பாடிய சிறு பிரபந்தம், யாரோ ஒரு புலவர் சொந்தக் காசில் போட்ட சின்னப் புத்தகம் மாதிரி விஷயங்களுக்கு அங்கே கேட்டுப் பாருங்கள். அந்தக் கால நூல்களில் பதிப்புக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரும் ஊரும் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ இருப்பதுண்டு. அட்டவணையில் வராத பெயர்கள் அவை. ஏட்டைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு வார்த்தை. சாதி வரலாறு என்று விற்கும் புத்தகங்களும், தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909-இல் ஏழு தொகுதியாக வந்த தர்ஸ்டனின் நூலும் கைக்குச் சுலபமாக வரும். குடும்ப வரலாற்றுக்கு இரண்டையும் நான் நம்புவதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதால் அதிலிருப்பவர் உங்கள் முன்னோர் ஆகிவிட மாட்டார். இடையில் எழுநூறு வருடத்துக்கு எந்தக் காகிதமும் கிடையாது.

சரி, சுப்பையாவுக்கு வருவோம். அவர் பெயருக்கு நிலம் இருந்ததா? சொத்தே இல்லாதவர் என்றால் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு என்று போக வேண்டும். பிறப்புப் பதிவேட்டில் பிள்ளை பெயரைத் தேடிக் களைத்துப்போகிறவர்கள் நிறையப் பேர். பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். "ஆண் குழந்தை" என்றுதான் இருக்கும். தகப்பனார் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

நிலம் இருந்தால் வேலை சுலபம். தாய்ப்பத்திரம் கையில் இருந்தால் அதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "கிழக்கே ராமசாமி புஞ்சை, மேற்கே முத்தையா வகையறா நஞ்சை" என்று நான்கு எல்லை எழுதியிருக்கும். சக்குபந்தி என்று எல்லோரும் தாண்டிப் போகும் இடம் அதுதான். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நிலம் பக்கத்திலேதான் இருக்கும். அதனால் அந்த நான்கு பெயரில் ஒன்றிரண்டாவது பங்காளியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு காகிதத்தில் புஞ்சைகளை வரைந்து பெயரை எழுதிப் பாருங்கள். எல்லாப் பத்திரத்திலும் சிறந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். தகப்பனார் பெயர், பிள்ளைகள் எல்லோருடைய பெயர், யார் காலமாகிவிட்டார், அவருக்குப் பதில் யார் கையெழுத்துப் போட்டார் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

பத்திரம் கையில் இல்லையா? சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. வில்லங்கச் சான்று இணையத்தில் ஒரு குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையது கையால் எழுதிய அட்டவணைப் புத்தகங்களில் இருக்கிறது. ஆள் பெயர் வாரியாக ஒரு அட்டவணை, சொத்து வாரியாக ஒரு அட்டவணை. அசையாச் சொத்து பற்றிய முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. உயிலுக்கு இது பொருந்தாது. சர்வே எண் தெரிந்தால் தேடுவது எளிது. ஆனால் இன்றைய பட்டாவில் இருக்கும் உட்பிரிவு, யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு வேலை நடந்த 1979–87 காலத்தில் மாறியிருக்கலாம். பழைய எண்ணுக்குத் தாலுகா அலுவலகத்தில் எஸ்.எல்.ஆர்., அதாவது நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகல் கேளுங்கள். ஜமீன் கிராமமாக இருந்தால் 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் செட்டில்மெண்ட் நடந்திருக்கும். அதற்கு முந்தைய பட்டாவை வருவாய்த்துறையில் தேடிப் பயனில்லை.

இனாம் நிலம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். 1858-இல் அமைத்த இனாம் ஆணையம் ஒவ்வொரு இனாமையும் விசாரித்து எழுதிய பதிவேடு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாக்கள் ஐ.எஃப்.ஆர். (இனாம் ஃபேர் ரெஜிஸ்டர்) என்பது அதைத்தான். யார் கொடுத்த இனாம், எதற்காகக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கும் முதலில் வாங்கியவருக்கும் என்ன உறவு என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். 1860-களுக்குப் பின்னால் போக ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல கதவு இல்லை. கிராமம், பழைய தாலுகா, தெரிந்தால் டி.டி. நம்பர் (இனாம் உரிமைப் பத்திர எண்) ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, முன்அனுமதி வாங்கிப் போங்கள்.

கடைசியாக நேட்டால் தாத்தா. வேடிக்கை என்னவென்றால், ஊரில் இருந்த அண்ணனைவிடக் கப்பலேறிய தம்பிக்குத்தான் பதிவு நன்றாக இருக்கும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச்சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதி வைத்தார்கள். இந்தக் கப்பல் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. டர்பனில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஜில்லா என்ற இடத்தில் டின்னவெல்லியைப் பாருங்கள், இராமநாதபுரத்தை அல்ல. பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. தகப்பனார் பெயரும் கிராமமும் பொருந்தினால்தான் ஆள் அவர். தகப்பனார் பெயர் உங்களுக்கு இன்னும் தெரியாது என்பதால், சார்பதிவாளர் அலுவலக வேலையை முதலில் முடித்துவிட்டு டர்பனுக்கு எழுதுங்கள்.