தேக்குப் பலகையா, லேமினேட்டா?

கேள்வி: தாம்பரத்தில் மூன்றாம் மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். இரண்டு படுக்கையறைகளிலும், மொத்தம் 300 சதுர அடி, இப்போதிருக்கும் டைல்ஸ் மேலேயே மரத்தரை போட ஆசை. இன்டீரியர் கான்ட்ராக்டர், "பர்மா தேக்கே போட்டுடுங்க சார், சொத்து மாதிரி" என்கிறார். கடையில் லேமினேட் போதும் என்கிறார்கள். விலையில் பல மடங்கு வித்தியாசம். எதைப் போடுவது?

பதில்: லேமினேட் போடுங்கள், அதாவது மரம் மாதிரி படம் அச்சிட்டு மேல்பூச்சு போட்ட அட்டைப் பலகை.

தேக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். மரம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மழையில் பலகைகள் நெருக்கியடித்து மேடு தட்டும். சித்திரையில் ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் இடுக்கு விழும். மற்ற மரங்களைவிடத் தேக்கு குறைவாக அசையும், அசையவே அசையாது என்பது கடைக்காரர் பேச்சு. டைல்ஸ் மேல் அதைப் போட அடியில் ரீப்பரோ (மரச் சட்டம்) பிளைவுட்டோ வேண்டும். தரை ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். கதவும் கப்போர்டும் தட்டும். லேமினேட் என்றால் 8 மில்லிமீட்டர் பலகை, அடியில் மெல்லிய ஃபோம். கதவின் அடியைக் கொஞ்சம் இழைத்தால் முடிந்தது.

அந்த "பர்மா" என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். 2014 ஏப்ரலிலேயே மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அறுத்த மரமாக வரலாம். ஆனால் நம் மரக்கடைகளில் கானா, ஈக்வடார் தோட்டத் தேக்கும் ஏராளமாக இருக்கிறது. தோட்டத்து மரத்தை இளசிலேயே வெட்டிவிடுவார்கள். இளம் மரத்தில் ஓரத்து வெளுத்த பகுதி அதிகம், கரையான் முதலில் தேடுவது அதைத்தான். மரம் தோட்டத்து மரம், விலை மட்டும் பர்மா விலை! மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசியிருக்கும் கான்ட்ராக்டர் விலை கூடினதைத்தான் சிபாரிசு செய்வார். அது யாருக்குச் சொத்து என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, லேமினேட் கடைக்குப் போனால் அங்கேயும் ஒரு வித்தை நடக்கும். சாம்பிள் பலகையை மேஜையில் வைத்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றித் துடைத்துக் காட்டி, "பாருங்க, வாட்டர் ப்ரூஃப்" என்பார்கள். மேல்பூச்சில் ஊற்றினால் எந்த லேமினேட்டும் தாங்கும். தண்ணீர் இறங்குவது இணைப்பு வழியாக. உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த அட்டைதான். ஊறினால் விளிம்பு வீங்கும், காய்ந்தாலும் பழையபடி அமுங்காது. ஒரு வெட்டுத்துண்டை வாங்கிவந்து ராத்திரி பக்கெட்டில் போட்டுவிடுங்கள். காலையில் விளிம்பை விரலால் தடவினாலே தெரிந்துவிடும். உள்பலகை பச்சையாக இருந்தால் ஈரம் தாங்கும் என்பார்கள், மயங்கவேண்டாம், அது வெறும் சாயமாகவும் இருக்கலாம். தடிமனை வைத்தும் தரம் சொல்ல முடியாது. பெட்டியில் ஏசி3 அல்லது ஏசி4 என்று தேய்மானத் தரம் (எண் கூடினால் அதிகம் தாங்கும்) அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். படுக்கையறைக்கு ஏசி3 தாராளம்.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். ஊரில் தாத்தா வீட்டை இடிக்கிறார்கள், உத்தரம், மாடிப் பலகை எல்லாம் பழைய தேக்கு என்றால், அதை விற்காதீர்கள். ஐம்பது அறுபது வருஷம் காய்ந்த மரம். புது மரம் போல ஆட்டம் காட்டாது. காரைக்குடிப் பக்கம் இப்படிப் பிரித்தெடுத்த மரத்துக்கென்றே கடைகள் இருக்கின்றன. ஆனால் ஆணியெல்லாம் பிடுங்கி, உளுத்ததைக் கழித்து, இழைத்து, பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளப் பக்கவாட்டில் நாக்கும் காடியும் எடுக்கவேண்டும். கழிவு நிறையப் போகும். அதைச் செய்யத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் ஓர் அறைக்கு மட்டும், தரை உயர்வதைப் பொறுத்துக்கொண்டு, போடலாம். கிடைக்காவிட்டால் ஊஞ்சல் பலகை செய்துகொள்ளுங்கள்.

 

அப்புறம் பில். "பில் இல்லாம போட்டா ஜிஎஸ்டி மிச்சம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் பிராண்ட், தடிமன், ஏசி தரம் மூன்றும் இருக்கவேண்டும். ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டி), வாசல் பட்டி, கதவு வெட்டும் கூலி எல்லாம் சேர்ந்த விலையா என்று எழுதி வாங்குங்கள். இந்தப் பட்டிகளுக்கு நீளத்தை வைத்துப் போடும் ரன்னிங் அடிக் கணக்கு கடைசியில்தான் தலைகாட்டும். வாரண்டி அட்டையில் "20 வருஷம்" என்று பெரிதாகவும், தண்ணீர் பட்டால் செல்லாது என்று பொடியாகவும் இருக்கும். நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். 2019 சட்டம், பரிசோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்கிறது. முயன்றுகொண்டேதான் இருக்கிறார்கள். அதுவரை வீங்கின தரையில் நீங்கள்தான் நடக்கவேண்டும்.

வேலைக்கு வருபவர் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறாரா என்று நின்று பாருங்கள். அவசரத்தில் சுவரோடு ஒட்டி அடித்துவிட்டால் லேமினேட்டும் மேடு தட்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் பழக்கம் இருந்தால் அந்த இரண்டு அறைகளுக்கு விலக்கு. நன்றாகப் பிழிந்த மாப் மட்டும். அறையோடு சேர்ந்த பாத்ரூம் வாசலில் அரை அங்குலமாவது உயர்ந்த கிரானைட் பட்டி இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைப் பதியுங்கள், பலகையை அப்புறம் ஆர்டர் செய்யலாம்.