பழைய ரோடு சைக்கிளின் பாட்டம் பிராக்கெட்டை (பி.பி.) வீட்டிலேயே ஓவராயில் செய்ய முடியுமா?

கேள்வி இது: 1980களில் வந்த ஸ்டீல் ஃபிரேம் ரோடு சைக்கிள். மிதிக்கும்போது கீழே ‘கடக் கடக்’ என்று சத்தம். சென்னையில் காட்டிய கடையில், பெடல் கைகள் சுற்றும் அச்சுப் பகுதியான பி.பி. செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். நானே பிரித்து சர்வீஸ் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கப் (குண்டுகள் ஓடும் கிண்ணம்), அச்சு, குண்டு (பால் பேரிங்) என்று இருக்கும் பழைய பி.பி. பிரித்துப் பூட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு காலைப் பொழுது போதும். செட்டை மாற்றச் சம்மதிக்கும் முன் உள்ளே ஒருமுறை பாருங்கள். அந்தக் காலத்துக் கப்பும் அச்சும் நல்ல எஃகு. பல சைக்கிள்களில் குண்டும் கிரீஸும் மாற்றினாலே போதும், பழையபடி ஓடும்.

முதலில், சத்தம் பி.பி.யிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். பெடல், செயின் வீல் போல்ட், சீட் பில்லர் மூன்றும் இதே சத்தத்தைக் கொடுக்கும். செயினைப் பல்சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டு இரண்டு கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) முனைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் பி.பி.யில் ஆட்டம். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் தளர்ந்திருக்கிறது, பி.பி.யைத் தொட வேண்டியதில்லை. பிறகு சீட்டில் காதை வைத்துக்கொண்டு கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுகிற மாதிரி கேட்டால் பிரிக்கத்தான் வேண்டும்.

கிராங்க் கழற்றுவது இரண்டு விதம். சதுர அச்சு என்றால் போல்ட்டை எடுத்த கையோடு அதன் கீழிருக்கும் வாஷரையும் எடுத்துவிடுங்கள். வாஷர் உள்ளேயே கிடந்தால் புல்லர் (கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவி) முழு ஆழத்துக்கு ஏறாது. நாலு மரையில் நின்று இழுக்கும்போது அலுமினியக் கிராங்கின் மரை மொத்தமும் உரிந்து வந்துவிடும். பொதுவான புல்லர் 22 மி.மீ. பிரான்ஸ் தயாரிப்பான டி.ஏ. கிராங்குக்கு 23, பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35. அளக்காமல் திருகாதீர்கள்.

காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு) என்றால் பொறுமை வேண்டும். நட்டை முழுதும் கழற்றாமல் பின்னின் நுனிக்குச் சமமாக நிறுத்துங்கள், மரை நசுங்காது. பின்னின் தலை உள்ளே போகிற அளவு வாயுள்ள இரும்புப் பைப்பைத் தரையிலிருந்து கிராங்குக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கனமான சுத்தியலால் ஒரே அடி. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகக் கப்பில் இறங்கிப் பள்ளம் போட்டுவிடும். பயந்து பயந்து இருபது தட்டுத் தட்டினால் பின்னின் நுனி காளான் மாதிரி விரியும், அப்புறம் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இனி கப். இங்கேதான் பலரும் ஃபிரேமைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஷெல்லின் (ஃபிரேமில் பி.பி. உட்காரும் குழாய்) அகலத்தை அளந்து பாருங்கள். 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ் மரை, 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இதில் செயின் வீல் பக்கத்துக் கப் எதிர்மரை, கடையில் ‘லெஃப்ட் திரெட்’ என்பார்கள். கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். 70 மி.மீ. என்றால் இத்தாலியன். அதில் இரண்டு கப்புமே சாதாரண மரை. பழைய பிரெஞ்சு சைக்கிளும் 68தான், ஆனால் 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை, இரண்டு பக்கமும் சாதாரண மரை. ஆகவே அகலத்தை மட்டும் நம்பாமல் கப்பின் முகத்தைத் துடைத்து அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலே சைக்கிள்கள் பலவற்றுக்கு அங்குலத்துக்கு 26 மரை. இன்று கிடைக்கும் கப் அதில் ஏறாது. அதனால் அசல் கப்பைக் கண்ணாகக் காப்பாற்றுங்கள்.

நல்ல செய்தி, வலது கப்பைக் கழற்றவே தேவையில்லாமல் போகலாம். இடதுபக்க லாக் ரிங்கை (கப் நகராமல் பூட்டும் வளையம்) கொக்கி போன்ற சி ஸ்பேனரால் கழற்றி, இடது கப்பை அதன் துளைகளில் மாட்டும் ‘பின்’ ஸ்பேனரால் திருகி எடுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள், குண்டுகள் உருண்டோடும். அச்சை உருவும்போது எந்த முனை செயின் வீல் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீளமான முனை அந்தப் பக்கம்தான் போகும். மாற்றிப் போட்டால் செயின் வீல் ஃபிரேமை உரசும்.

வலது கப்பை இருந்த இடத்திலேயே டீசல் தொட்ட பனியன் வேஸ்ட்டால் துடைத்து, இடது பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளவென்று ஒரே கோடாக இருந்தால் கப் நன்றாக இருக்கிறது. கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பால்பாயிண்ட் பேனா நுனியைத் தடத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி, ‘டிக்’ என்று ஓரிடத்தில் தட்டினால் அங்கே பள்ளம். அச்சில் இருக்கும் இரண்டு தடங்களுக்கும் இதே சோதனைதான். பள்ளம் விழுந்த கப்பில் புதுக் குண்டு போடுவது வீண் செலவு, கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்பும்.

பள்ளமான வலது கப் இறுகிப்போயிருந்தால் 16 மி.மீ. போல்ட்டை வெளியிலிருந்து கப்பின் ஓட்டை வழியே விட்டு, இருபுறமும் தடித்த வாஷர் வைத்து, உள்ளே நட் போட்டு இறுக்குங்கள். நன்றாக இறுகியதும் நட்டை விட்டுவிட்டு, போல்ட் தலையை மட்டும் கடிகார முள் திசையில் திருகினால் போல்ட்டோடு கப்பும் சேர்ந்து கழலும். இது எதிர்மரைக் கப்புக்கு மட்டும் பொருந்தும்.

குண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பக்கத்துக்கு 11, மொத்தம் 22. கூண்டில் கோத்த குண்டுகள் எண்ணிக்கையில் குறைவு, பாரம் குறைவான குண்டுகளில் விழும். தனிக் குண்டே மேல். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம், தேய்ந்த குண்டு நூலளவு சிறுத்திருக்கும், பாரம் புதியதன் மேலேயே விழும். சென்னை ரத்தன் பஜார் சைக்கிள் கடைகளில் ‘கால் இஞ்ச் பால்ஸ்’ என்று கேளுங்கள். கிரீஸுக்கு டூ வீலர் மெக்கானிக் பயன்படுத்தும் லித்தியம் கிரீஸ் போதும். தையல் மெஷின் எண்ணெய் ஊற்றாதீர்கள், இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும்.

பூட்டும் முன் ஷெல்லின் உள்ளே துருவைச் சுரண்டி எடுங்கள். சென்னை சைக்கிளுக்கு இது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சீட் பில்லர் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் கடைசியில் தேங்குவது பி.பி. ஷெல்லில்தான். பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஷெல்லின் அடியில் வடிகால் ஓட்டை இருந்தால் அடைப்பை எடுங்கள். இரண்டு கப்புக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறை இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலை வெட்டிச் சுருட்டி வையுங்கள், மேலிருந்து உதிரும் துரு குண்டில் விழாது.

கப்பில் கிரீஸைத் தாராளமாக அப்பி, 11 குண்டுகளையும் பதியுங்கள். ஒரு குண்டை விடக் கொஞ்சம் குறைவான இடைவெளி மிஞ்சும், அது இருக்க வேண்டியதுதான். பன்னிரண்டாவதைத் திணித்தால் இறுகும். அச்சை நுழைத்து, மரையில் கிரீஸ் தடவிய இடது கப்பை விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லையென்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

ஆட்டம் சரிசெய்யத்தான் நேரம் பிடிக்கும். கப்பைப் பிடித்துக்கொண்டு லாக் ரிங்கை இறுக்கும்போது அது கப்பை இம்மியளவு வெளியே இழுக்கும், சரியாக வைத்தது தளர்ந்துபோகும். அதனால் இலேசாக இறுக்கமாக வைத்துப் பூட்டி, பார்த்து, மறுபடி தளர்த்தி, நாலைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். விரலால் அச்சைச் சுற்றினால் கிரீஸின் கனம் மட்டும் தெரிய வேண்டும், கரகரப்பு கூடாது. கடைசிச் சோதனையைக் கிராங்க் மாட்டிய பிறகு செய்யுங்கள், வெறும் அச்சில் தெரியாத ஆட்டம் கிராங்கின் நீளத்தில் தெரிந்துவிடும். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அச்சு வளைந்திருக்கலாம், அல்லது ஷெல்லின் முகம் கோணலாக இருக்கலாம்.

காட்டர் பின்களை மாட்டும்போது, வலது கிராங்க் முன்னால் இருக்கையில் அதன் நட் மேலே பார்த்தால், இடது கிராங்க் முன்னால் வரும்போது அதன் நட்டும் மேலே பார்க்க வேண்டும். தவறினால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது. பின்னைச் சுத்தியலால் அடித்து உட்கார வைத்த பிறகே நட் போடுங்கள், நட்டால் இழுத்தால் மரை போய்விடும். 30 கிலோமீட்டர் ஓட்டியதும் இன்னொரு அடி, இன்னொரு இறுக்கு.

அடுத்த ஓவராயில் மழைக்காலம் முடிந்து தை மாதத்தில். நடுவில் வேளச்சேரி மாதிரி இடத்தில் பெடல் மூழ்கும் தண்ணீரில் ஓட்டியிருந்தால் அந்த வாரமே பிரித்துவிடுங்கள். பைக்குகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் இந்தச் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். பழைய கப்புகளில் ரப்பர் சீல் கிடையாது, பீய்ச்சும் தண்ணீர் நேராகக் குண்டுக்குப் போய்விடும்.