பட்டறைப் பதில்கள்: முப்பதாயிரத்தை எதில் போடுவது?

● ஐயா, போன மாதம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக் எடுத்தேன். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் அதில்தான் போகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கொல்லிமலை, வால்பாறை பக்கம் போக ஆசை. கிராஷ் கார்டு, அலுமினியப் பெட்டி, கூடுதல் லைட் என்று நண்பர்கள் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். கையில் இருப்பது முப்பதாயிரம். எதில் தொடங்குவது?
– மென்பொருள் ஊழியர், பி.டி.எம். லேஅவுட்

தம்பி, வண்டிக்கு மாட்டும் முன் உங்களுக்கு மாட்டுங்கள். பட்டியலில் நல்ல ஹெல்மெட் இல்லை, கையுறை இல்லை, முழங்கால் கார்டு இல்லை, கணுக்காலை மூடுகிற பூட்ஸ் இல்லை. பணத்தில் பாதி அங்கே போகட்டும்.

மிச்சத்தில் எஞ்சின் கார்டும் (நீங்கள் சொல்கிற கிராஷ் கார்டுதான்) ஹேண்ட் கார்டும் வாங்கலாம். இந்த வண்டி 196 கிலோ. ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் காலால் தாங்க முடியாது, விட்டுவிட வேண்டியதுதான். என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் காட்டில் விழுந்தவை குறைவு. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவிலும் பெட்ரோல் பங்க் வாசலிலும் நின்ற இடத்திலேயே சாய்ந்தவைதான் அதிகம். லிக்விட் கூலிங் வண்டி என்பதால் முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது. அது ஓட்டையானால் பயணம் அங்கேயே முடிந்தது. ஹேண்ட் கார்டு வாங்கும்போது பிளாஸ்டிக்குக்கு உள்ளே அலுமினியப் பட்டை இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் குளிர்காற்றைத்தான் தடுக்கும், லீவரைக் காப்பாற்றாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியில் கிளட்ச் லீவர் ஒடிந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அலுமினியப் பெட்டி இப்போதைக்கு வேண்டாம். சில்க் போர்டு நெரிசலில் ஹேண்டில் பார் நுழைகிற சந்தில் பெட்டி நுழையாது. பக்கத்து ஆட்டோக்காரர் உங்கள் கன்னடத்தை இலவசமாக வளர்த்துவிடுவார். ஊருக்குப் போகும்போது மட்டும் மாட்டுகிற துணிப்பை போதும். கனமான சாமான் கீழேயும் சீட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். பின்னால் டாப் பாக்ஸ் வைத்து அதில் டூல்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் திணித்தால் முன் சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

லைட் கடைசி. ஜே.சி. ரோட்டில் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஹெட்லைட் வயரைச் சீவி அதில் முறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ரிலேயிலிருந்து லைட், ரிலேயைத் தூண்ட இக்னிஷன் லைன். இப்படி இருந்தால்தான் சாவியை எடுத்ததும் லைட் அணையும், பேட்டரி காலையில் செத்துக் கிடக்காது. ஊருக்குள் அதைப் போட்டுக்கொண்டு எதிரில் வருகிறவர் கண்ணைக் கூசவைக்காதீர்கள்.

பைசா செலவில்லாத ஒன்று சொல்கிறேன். நான் விமானம் செய்கிற எச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்தவன். அங்கே போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச் வைத்து முறுக்கி முடித்ததும், போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம். கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கார்டு மாட்டிய போல்ட், பிரேக் காலிப்பர் போல்ட், பின் ஆக்ஸில் நட் எல்லாவற்றிலும் வீட்டிலிருக்கும் நெயில் பாலிஷால் கோடு போடுங்கள். காலையில் வண்டியை எடுக்கும்போது குனிந்து ஒரு பார்வை, அவ்வளவுதான்.

● ஹேண்டில் நேராக இருக்கும்போது ஏதோ பள்ளத்தில் உட்கார்ந்ததுபோல் சிக்குகிறது. முன் பிரேக் பிடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். சர்வீஸில் கேட்டால், அட்வெஞ்சர் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.
– வாசகர், வைட்ஃபீல்டு

அப்படி இருக்கக் கூடாது. கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் பேரிங், போயிருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் தடுக்கினால் பேரிங் ஓடும் பாதையில் குழி விழுந்துவிட்டது. அடுத்து, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் தளர்வு, அந்த ‘டக்’ அதிலிருந்துதான் வருகிறது.

காரணம் எளிது. வைட்ஃபீல்டு சாலையில் பெயிண்ட் அடிக்காத ஹம்ப் மேலும் பள்ளத்திலும் நீங்கள் விடுவது ஹேண்டிலை நேராக வைத்துக்கொண்டுதான். ஒவ்வொரு அடியும் அதே இடத்தில் அதே பேரிங் குண்டுகள் மேல் விழுகிறது, அந்த இடத்திலேயே பள்ளம் பிடிக்கிறது. நட் லேசாகத் தளர்ந்திருந்தால் அடி இன்னும் பலம். வாட்டர் வாஷ்காரர் ஹேண்டில் கழுத்துக்குக் கீழே பிரஷர் கன்னைக் காட்டினால் உள்ளே இருக்கும் கிரீஸும் போய்விடும். அங்கே தண்ணீர் காட்டாதே என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

நட்டை இறுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சத்தம் நிற்கும், ஆனால் குழி அப்படியேதான் இருக்கும். அதிகமாக இறுக்கினால் வண்டி தானாக நேர்கோட்டுக்கு வராமல் குடிகாரன் மாதிரி அலையும். செட்டையே மாற்றுங்கள், பேரிங் உட்காரும் கிண்ணத்தையும் சேர்த்து. உங்கள் மாடலுக்கு டேப்பர் ரோலர் பேரிங் கிடைத்தால் அதைப் போடுங்கள். பால் பேரிங் புள்ளியில் தாங்கும், ரோலர் ஒரு கோடு முழுக்கத் தாங்கும். மாற்றி முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி டைட் பார்க்கச் சொல்லுங்கள். இதை மறந்துதான் புது செட்டும் சீக்கிரம் போகிறது.

● செயினைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவலாமா அண்ணா?
– கல்லூரி மாணவர், ஸ்ரீராமபுரம்

கூடாது. உள்ளே ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் இருக்கிறது, அதுதான் கம்பெனியில் வைத்த கிரீஸைப் பூட்டி வைத்திருக்கிறது. பெட்ரோலில் அது கெட்டுவிட்டால் வெளியே எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உள்ளே போகாது. மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர், மெதுவான பிரஷ், பழைய பனியன் துணி. கம்பி பிரஷ் வேண்டாம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் நனைந்தால் அன்றைக்கே. ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது செயின் லூப் (எண்ணெய் ஸ்ப்ரே) அடித்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். கியர் போட்டு எஞ்சினை ஓடவிட்டுத் துணியைக் காட்டினால் விரல் போகும், இது மிரட்டல் இல்லை.

அட்வெஞ்சர் வண்டிகளில் சஸ்பென்ஷன் ஆட்டம் நீளம். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே ஏறும்போது செயின் தானாக இழுபடும். அதனால் மற்ற வண்டியைவிட இதில் தொய்வு கூட வைத்திருப்பார்கள். தொங்குகிறதே என்று இறுக்கிவிடாதீர்கள். ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ உள்ள அளவுதான் கணக்கு.

● என் உயரம் 5 அடி 1 அங்குலம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மேல் ஆசை. வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்துகிற லோயரிங் லிங்க் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் என் தம்பி.
– வங்கி ஊழியர், ஃபிரேசர் டவுன்

அம்மா, அதன் சீட் 825 மி.மீ. உயரம். இரண்டு காலும் ஊன்றாது. ஒரு காலின் முன்பாதம் உறுதியாக ஊன்றினால் போதும், மற்றக் கால் பிரேக்கில் இருக்கட்டும். ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது சீட்டின் நடுவில் உட்காராமல் இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை இறக்கிப் பாருங்கள். பல பேருக்கு அதிலேயே பயம் போய்விடும். இது ஹிமாலயனைவிட முப்பது கிலோவுக்கு மேல் லேசான வண்டி என்பதும் உங்கள் பக்கம்.

முதலில் சீட்டின் ஸ்பாஞ்சைச் செதுக்குங்கள், முக்கியமாகத் தொடை இறங்குகிற முன்பக்க அகலத்தை. சிவாஜி நகரில் சீட் தைக்கிற கடைகளில் நீங்கள் உட்கார உட்காரவே செதுக்கித் தருவார்கள். லிங்க் போட்டால் தரை இடைவெளி குறையும், சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நட்டமாக நிற்கும், காற்றடித்தால் மறுபக்கம் சாயும். பிறகு ஸ்டாண்டை வெட்ட வேண்டும், முன் ஃபோர்க்கை ஏற்ற வேண்டும், வேலை முடியாது. தம்பிக்குச் சொல்லிவிடுங்கள்.

● டி.என். பதிவு வண்டி. வேலை பெங்களூரில். போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது?
– வாசகர், மாரத்தஹள்ளி

பன்னிரண்டு மாதம்வரை ஒன்றும் சொல்ல வேண்டாம், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று காட்டினால் போதும். அதற்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ.வில் 28-ஆம் படிவம் கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குவதுதான் முதல் வேலை. கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். இங்கே வரி கட்டியதும் ஊரில் கட்டிய வரியின் மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும்.

● ஸ்போக் வீல், ட்யூப் டயர். தனியாகப் போகும்போது பங்சர் ஆனால்?
– வாசகர், ஓசூர்

21 அங்குல முன் ட்யூப் ஒன்று எடுத்துப் போங்கள். அவசரத்துக்கு அதையே 17 அங்குலப் பின் டயரிலும் மடித்துத் திணித்து, மெதுவாக அடுத்த ஊர்வரை வந்துவிடலாம். பின் ட்யூபை முன்னால் போட முடியாது. இரண்டு டயர் லீவர், கைப்பம்பு, ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஸ்பானர். டூல் பையில் அந்த ஸ்பானர் இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். கழற்றும்போதே ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பானரால் தட்டுங்கள். ‘டிங்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் தளர்ந்திருக்கிறது.

● சைலன்ஸர் மாற்றினால் பவர் கூடுமா?
– வாசகர், அல்சூர்

சத்தம் கூடும். சட்டப்படி அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. அந்தக் காசுக்கு நல்ல பிரேக் பேடு வாங்குங்கள்.

● மைசூரு எக்ஸ்பிரஸ் வேயில் பைக் விடுவார்களா? ஊர் கோவை, அந்த வழியாகப் போகலாம் என்று நினைக்கிறேன்.
– வாசகி, கெங்கேரி

2023 ஆகஸ்ட் 1 முதல் நடு ரோட்டில் பைக்குக்குத் தடை, சர்வீஸ் ரோட்டில்தான் போகலாம். கோவைக்கு நீங்கள் ஏன் மைசூரு சுற்ற வேண்டும்? கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியாகப் போங்கள். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடித்து இறக்குங்கள். அந்தக் காட்டுப் பகுதியில் ராத்திரி போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது, அதனால் வெளிச்சத்தோடு சத்தியமங்கலம் இறங்கிவிடும்படி விடிகாலையில் கிளம்புங்கள்.