நீர் சிநேகிக்கிறவன்

அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம்.

காவேரிப்பட்டணம் பக்கம், மாங்கூழ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சீசனில் நைட் ஷிஃப்ட். பரம்பரையாக லுத்தரன் குடும்பம். ரெண்டு வருஷமாக ஒரு ஜெபக்கூட்டத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே எல்லோரும் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், அந்நிய பாஷை பேசுகிறார்கள். எனக்குள் ஒன்றுமே நடப்பதில்லை. போன மே மாசம் அம்மா தவறிவிட்டார்கள். ஏன் என்று பாஸ்டரிடம் கேட்டதற்கு, “உங்க விசுவாசம் பத்தலை தம்பி” என்றார். தேவன் என்னை நேசிக்கிறாரா, முதலில் நான் அவரை நேசிக்கிறேனா, எதுவும் தெரியவில்லை. ஜெபிக்க வாயே வருவதில்லை. இது பாவமா அக்கா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாய் வராதது பாவம் இல்லை, துக்கம். பாஸ்டர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாவு வீட்டுப் பிள்ளையின் விசுவாசத்தை எடைபோடும் தராசு எந்தச் சுவிசேஷத்திலும் கிடையாது. (எங்கள் வீட்டிலும் ஒருவர் இதையே சொல்லிவிட்டு, நிதானமாகக் காபியும் குடித்துவிட்டுப் போனார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.)

யோவான் 11-ஐ எடுத்துப் பாருங்கள். லாசரு படுக்கையில் கிடக்கிறான். அவன் சகோதரிகள் இருவரும் இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள்: “ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்.” உம்மைச் சிநேகிக்கிறவன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், நாமாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்போம், உபவாசம், காணிக்கை எல்லாவற்றையும் சேர்த்திருப்போம். அவர்களோ அவன் பக்கத்துக் கணக்கைத் திறக்கவே இல்லை. அவர் பக்கத்தை மட்டும் சொன்னார்கள். அவர் அன்பாயிருந்தார் என்று ஒரு வசனம், கேள்விப்பட்ட பிறகும் இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கினார் என்று அடுத்த வசனம். இரண்டையும் யோவான் ஒட்டியே வைத்திருக்கிறார்.

செத்துப்போன லாசருவை இயேசு எழுப்பினார், என் அம்மா எழவில்லையே என்று கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பரம்பரை லுத்தரன் என்கிறீர்களே, அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷன் 1895-ல் வேலை தொடங்கியது நம்ம கிருஷ்ணகிரியில்தான். அந்தச் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் உங்கள் கேள்வியோடு ராத்திரிகளில் மல்லுக்கட்டியவர். அப்படிப்பட்ட ராத்திரிக்கு, மனசுக்குள் எட்டிப்பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்று தேடச் சொல்லவில்லை அவர். 1529-ல் எழுதிய பெரிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் ஒரு வழி சொல்கிறார்: பாவமும் மனசாட்சியும் நெருக்கும்போது, ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் கைக்குழந்தையில் ஞானஸ்நானம் ஆகியிருக்கும். அன்றைக்கு நீங்கள் என்ன உணர்ந்தீர்கள்? தண்ணீர் சில்லென்று பட்டதும் வீறிட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். சபைப் பதிவேட்டில் தேதி இருக்கும், பக்கத்தில் அம்மா பெயரும் இருக்கும். ஒரு நாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் அப்பா அரூர் பக்கம் உபதேசியாராக இருந்தவர். அவர் காலமான பிறகு அவருடைய வேதப்புத்தகம் என்னிடம் வந்தது. அட்டை போய், காக்கித் துணியில் தைத்தது. 88-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதிகள், மொத்தம் ஏழு. காரணம் எதுவும் எழுதவில்லை. ஒரு தேதி மட்டும் எனக்குத் தெரிந்தது. என் தம்பி டைபாய்டில் கிடந்த வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா பிரசங்கம் பண்ணினார், எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அந்தச் சங்கீதத்தை யாரும் கன்வென்ஷனில் எடுத்துப் பிரசங்கிப்பதில்லை. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, எபிரேய மூலத்தில் கடைசிச் சொல்லே இருள்தான். ஆனால் முதல் வரி, “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்.” வேதத்துக்குள்ளேயே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது தம்பி.

ஜெபக்கூட்டத்துக்குப் போவதும் நிறுத்துவதும் உங்கள் இஷ்டம். அழுகை வராவிட்டால் வரவழைக்க வேண்டாம். வார்த்தை வராத ராத்திரி 88-ஐ வாசியுங்கள். 18 வசனம்தான், டீ பிரேக்குக்குள் முடிந்துவிடும். ஓரத்தில் தேதி போட்டு வையுங்கள்.