யூரியா கூடினால் நெல் குறையுமா? ஆறு வயல் நோட்டுக் கணக்கு

கேள்வி: ஐயா, திருச்சி மணிகண்டம் பக்கம் எனக்கு ஆறு வயல். எல்லாவற்றிலும் சம்பா, ஒரே ரகம். எந்த வயலுக்கு எவ்வளவு யூரியா போட்டேன், எவ்வளவு நெல் கண்டது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். காலேஜில் புள்ளியியல் படிக்கும் மகள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, "ஏக்கருக்கு யூரியா ஒரு மூட்டை கூடினா நெல் நாலு மூட்டை குறையுதுப்பா" என்கிறாள். உரக்கடைக்காரர் சிரிக்கிறார், யூரியாவோடு ஒரு டானிக்கும் வாங்கிப் போகச் சொல்கிறார். அடுத்த சம்பாவுக்கு யூரியாவை நிறுத்திவிடலாமா? நோட்டுப் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: நிறுத்த வேண்டாம். மகளைத் திட்டவும் வேண்டாம், அவள் கணக்கில் பிழை இல்லை. நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், மூட்டைக்கு நாலே கால் மூட்டை இறங்கத்தான் செய்கிறது. ஆனால் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் 'த', 'க' என்று நீங்கள் எழுதி வைத்ததை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. தலைமடை என்றால் வாய்க்கால் தண்ணீர் முதலில் ஏறும் வயல், கடைமடை என்றால் கடைசியில் ஏறும் வயல்.

தலைமடை மூன்று வயலுக்கு ஏக்கருக்கு ஒன்றரை, இரண்டு, இரண்டரை மூட்டை யூரியா. நெல் 32, 33, 35 மூட்டை. கடைமடை மூன்றுக்கு மூன்று, மூன்றரை, நாலு. நெல் 23, 24, 25. தலைமடையைத் தனியாகப் பாருங்கள், யூரியா ஏற ஏற நெல்லும் ஏறுகிறது. கடைமடையிலும் அப்படித்தான். ஆறையும் ஒன்றாகக் கொட்டினால் மட்டும் கோடு கவிழ்கிறது. தலைமடைக்கு 0, கடைமடைக்கு 1 என்று ஒரு நெடுவரிசை சேர்த்து மகளை மறுபடி ரெக்ரஷன் (ஒன்று கூடினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) போடச் சொல்லுங்கள். யூரியா மூட்டைக்கு இரண்டரை மூட்டை நெல் கூடுவதாக வரும்.

நடந்தது இதுதான். கடைமடைப் பயிர் வெளுத்தது. பார்க்கச் சகிக்காமல் மேலும் யூரியா வீசினீர்கள். யூரியா போனதே பயிர் நோஞ்சானாக இருந்ததால்தான். நோட்டு அதைத் தலைகீழாகக் காட்டுகிறது. இப்படி இறங்கும் கோடெல்லாம் பொய் என்றும் நினைத்துவிடாதீர்கள். மருந்து அதிகம் அடித்த வயலில் புகையான் (நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி) அதிகம் என்று ஒருவர் நோட்டு காட்டினால், புகையான் வந்ததால் மருந்து அடித்தாரா, மருந்தால் புகையான் பெருகியதா? இரண்டும் நடக்கும். செயற்கை பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்று புகையானைப் பெருக்கிவிடும். நோட்டை மட்டும் வைத்து இதற்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கடைமடை ஏன் வெளுக்கிறது? உங்கள் பக்கம் களர் (சோடியம் ஏறிய கார மண்) சாதாரணம். களரில் வீசும் யூரியாவின் தழைச்சத்தில் நல்ல பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். தலைமடையில் மூட்டைக்கு மூன்று கூடியது கடைமடையில் இரண்டுதான் கூடுகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். அப்புறம் துத்தநாகக் குறை. நட்ட மூன்றாவது வாரம் இறங்கிப் பாருங்கள்: இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கம் வெளுத்து, கீழ் இலையில் துரு ஏறியது போலப் பழுப்புத் திட்டு இருந்தால், அதற்கு யூரியா மருந்தல்ல. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட், களரானால் 15 கிலோ வரை, மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். டிஏபி உரத்தோடு கலக்காதீர்கள். களரைத் திருத்த ஜிப்சம் எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

அவருடைய டானிக்கும் இதே கதைதான். "டானிக் வாங்கியவர் எல்லாம் 35 மூட்டை எடுத்தார்" என்று பில் புத்தகத்தைக் காட்டுவார். ரொக்கம் கொடுத்து டானிக் வாங்குபவர் யார்? போர்வெல் வைத்திருப்பவர், தலைமடைக்காரர், களை எடுக்க ஆளுக்குக் கூலி கொடுக்க முடிந்தவர். டானிக் இல்லாமலே அவருக்கு 35 வந்திருக்கும். அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள்.

யூரியாவை எவ்வளவு கூட்டலாம், குறைக்கலாம் என்று உண்மையிலேயே தெரிய வேண்டுமானால், நான் இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சலித்ததைச் செய்யுங்கள். ஒவ்வொரு வயலையும் நடுவில் வரப்பு போட்டு இரண்டாக்குங்கள், உரத் தண்ணீர் கலக்கக் கூடாது. எந்தப் பாதிக்கு அரை மூட்டை கூடுதல் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது; உங்கள் கை தானாகவே வெளுத்த பக்கம் போகும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் பண்ணையில் 1843 முதல் கோதுமைக்கு உரம் போட்டுக் கணக்கு எழுதி வந்தார்கள். 1919இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர், எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 1926இல் எழுதினார். ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது, நம் ஊரில் இன்னும் கண்ணால் பார்த்துத்தான் வீசுகிறோம்.

அறுவடை மெஷின்காரரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள், ஒரு பாதியை இறக்கிவிட்டுத்தான் அடுத்த பாதிக்குள் நுழைய வேண்டும். ஒரு வருடம் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் என் இரண்டு பாதியும் ஒரே டேங்கில் ஏறிவிட்டது. ஐந்து மாத உழைப்பு, எடை போட ஒன்றும் மிஞ்சவில்லை.

மகளுக்கு ஒரு வார்த்தை: வேகம் வந்து, தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) எண்ணிக்கையையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்க்காதே அம்மா. யூரியா வேலை செய்வதே தூர் கட்ட வைத்துத்தான். அதையும் சேர்த்துவிட்டால் யூரியாவால் பெரிதாகப் பயனே இல்லை என்று கணக்கு சொல்லும், அப்பா மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவார்.

மண் எடுக்கும்போது தலைமடைக்கு ஒரு பை, கடைமடைக்கு ஒரு பை. இரண்டையும் கலந்து ஒரே பையாக அனுப்பிவிடாதீர்கள்.