சுவிசேஷம் சொல்லவும் பயம், சொல்லாவிட்டால் உறுத்தல்: என்னதான் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சபையில் வாராவாரம் "போய்ச் சொல்லுங்கள்" என்கிறார்கள். உங்கள் ஆபீசில் உங்களைத் தவிர எல்லோரும் வேறு மதத்தார். வாயைத் திறந்தால் மதம் மாற்ற வந்துவிட்டான் என்று நினைப்பார்களோ என்று பயம். திறக்காவிட்டால் ஆண்டவரை மறுதலிக்கிறோமோ என்று உறுத்தல். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, 26 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். நீங்கள் நிற்கிற இடத்தில் நானும் ரொம்ப நாள் நின்றிருக்கிறேன். அதனால் பிரசங்கமாக இல்லாமல், எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், சொல்லத்தான் வேண்டுமா? ஆமாம், வேண்டும். "நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று மத்தேயு 28இல் இருப்பது போதகருக்கும் மிஷனெரிக்கும் மட்டும் சொன்னதல்ல. எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயில் (சர்ச்சைத்தான் எங்கள் பக்கம் கோயில் என்போம்) 1785இலிருந்து நிற்கிறது. ஊரில் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்போம். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த பிராமண விதவை அவர். யாரோ ஒருவர் அவரிடம் சொன்னார், அவர் இன்னும் பலரிடம் சொன்னார். என் ஆச்சி ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். மிஷனெரி ஊழியத்துக்கான பிடியரிசிக் காணிக்கை அது. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. இப்படி வளர்ந்தவளுக்கு "சொல்லாமல் இருந்தால் என்ன" என்ற கேள்வியே வரவில்லை. எப்படிச் சொல்வது என்பதைத்தான் நான் தப்பாகக் கற்றிருந்தேன்.

நர்ஸாகச் சேர்ந்து இரண்டாம் வருடம். அப்போது என் பையில் எப்போதும் இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிகள் இருக்கும், வாரத்துக்கு எத்தனை கொடுத்தேன் என்று டைரியில் எழுதி வைப்பேன். ஒரு சின்னப் பையனுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். ராத்திரி அவன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் ஒரு கைப்பிரதியைக் கொடுத்து, "இயேசப்பாவை நம்புங்கம்மா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். அந்த அம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கோ அவ்வளவு சந்தோஷம். நாலு நாள் கழித்து எங்கள் வார்டு ஆயா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் பொம்பள என்ன சொல்லுது தெரியுமா? வாங்கலைன்னா சிஸ்டர் கோவிச்சுக்கிட்டு பிள்ளையச் சரியாப் பாக்க மாட்டாங்களோன்னு பயந்து வாங்கினேன்ங்குது."

அன்றைக்கு டியூட்டி முடிந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பையன் நன்றாகிப் போய்விட்டான், அதில் குறையில்லை. ஆனால் அந்தத் தாயின் கண்ணில் என் ஆண்டவர், ஊசி போடுகிறவளின் கோபத்தைத் தணிக்க வாங்கிக்கொள்ள வேண்டிய ஒரு காகிதமாக ஆகிவிட்டார். "ஒண்ணும் ஆகாது" என்று நான் சொன்னதும் தப்புதான். அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு யார் அதிகாரம் தந்தது?

அதன்பிறகு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாத ஒருவரிடம் நானாகப் பேச்சை எடுப்பதில்லை. கட்டிலில் கிடக்கிற நோயாளி, எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர், என்னிடம் கடன் வாங்கியவர், இவர்களிடம் எல்லாம் நானாகத் தொடங்க மாட்டேன். அவர்களாகக் கேட்டால் அது வேறு. சபையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, இது விசுவாசக் குறைவு என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்று இயேசு சொன்னதைக் கேட்டு ஒரு பணக்கார வாலிபன் துக்கத்தோடு போனபோது, இயேசு ஓடிப்போய் வழிமறித்ததாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

இந்த இடத்தில் அசரியா ஐயாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர். அப்புறம் தானே தெலுங்கு கற்று தோர்ணக்கல்லுக்குப் போனார், 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு, 'சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ' என்று சொல்ல வைப்பாராம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வார்த்தை அது. அவ்வளவு வைராக்கியம். அதே மனிதர்தான் 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் கூடியிருந்த சபையில், நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டையும் சொன்னவர் ஒரே ஆள் என்பதை நான் அடிக்கடி யோசிப்பேன். 'எனக்கு ஐயோ' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டதால்தான் அந்த டைரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

என்னோடு நைட் டியூட்டி பார்த்த ஒரு தோழி இருக்கிறாள். இந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவள். ஆறு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவள் வீட்டுக் கொழுக்கட்டை எனக்கு வரும், என் வீட்டு கிறிஸ்துமஸ் முறுக்கு அவளுக்குப் போகும். மதத்தைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. அப்புறம் அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்கு மூன்று வருடம் முன்னால் எனக்கும் அதேதான் நடந்திருந்தது, அதே ஏழாம் மாதம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், எதுவும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு ராத்திரி, மருந்து டிராலியைத் துடைத்துக்கொண்டே அவளாகக் கேட்டாள்: "அக்கா, நீ அப்ப எப்படித் தாங்கின?"

டிராலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். முதல் நாலு மாதம் எனக்கு ஜெபம் வரவில்லை என்றேன். வேதத்தைத் திறந்தால் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற 13ஆம் சங்கீதத்தைத் தாண்டி வாசிக்க முடியவில்லை, ஆனால் அப்படிக் கேட்கலாம் என்று வேதமே இடம் கொடுத்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது என்றேன். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்கு முன்னால், சில நிமிடத்தில் அவனை எழுப்பப்போகிறார் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார், அந்த ஒரு வசனத்தில்தான் அவர் என்னோடும் அழுதார் என்று எனக்குப் புரிந்தது என்றேன். சிலுவையைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் சொன்னேன். என் பிள்ளையை நான் ஒருநாள் பார்ப்பேன் என்று நம்புகிறேன், அதையும் சொன்னேன். அவள் நிறையக் கேள்வி கேட்டாள். சிலதுக்கு "தெரியாதுடி" என்றேன்.

அவள் கிறிஸ்தவள் ஆகவில்லை. இன்றும் நெல்லையப்பர் கோயிலுக்குத்தான் போகிறாள். மனசு கனமாக இருந்தால் "எனக்கு ஜெபம் பண்ணுக்கா" என்று போன் பண்ணுவாள், நான் பண்ணுவேன். அவள் ஆண்டவரை அறிய வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, அவளுக்கும் அது தெரியும், அவளிடம் மறைத்ததில்லை. ஆனால் அந்த ஆசை நிறைவேறினால்தான் அவள் என் தோழி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் சொல்லும்போது கடைசி வேலை நம்முடையது இல்லை என்பது தெளிவாகத்தானே இருக்கிறது?

இப்படிச் சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதில் வருத்தமில்லை. மனதை மாற்றுவது என் வேலை இல்லை என்று வேதமும்தான் சொல்கிறது.

உங்கள் ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் யாராவது "ஞாயிற்றுக்கிழமை என்ன பண்ணீங்க?" என்று கேட்பார்கள். நாம் பயத்தில் "சும்மா வீட்லதான்" என்று சொல்லிவிடுகிறோம். நானும் பயிற்சிக் காலத்தில் ஹாஸ்டலில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் அதை மட்டும் சொல்லாதீர்கள். "சர்ச்சுக்குப் போயிருந்தேன்" என்று சொல்லுங்கள். அவர்கள் வேறு பேச்சுக்குப் போனால் நீங்களும் போங்கள், அவர்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரியுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். "அங்க என்ன சொன்னாங்க?" என்று ஒருவர் கேட்டால், உங்கள் மனதைத் தொட்டது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். எதுவும் தொடாத வாரமாக இருந்தால் அதையும் அப்படியே சொல்லலாம்.